நான்கு பிராண்டு சிமெண்டும் ஒரே நாளில் விலை ஏறினால் அது கூட்டுச் சதியா?

கேள்வி: கும்பகோணம் வட்டாரத்தில் பதினெட்டு ஆண்டுகளாகச் சிறு வீடுகள் கட்டிக்கொடுக்கும் ஒப்பந்ததாரர் நான். பொருளோடு சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முன்பணம் வாங்கிவிட்டால், பிறகு எது விலை ஏறினாலும் நஷ்டம் என்னுடையது. சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் நான்கு பிராண்டு சிமெண்டும் மூட்டைக்கு நாற்பது ரூபாய் ஏறின. அதற்கு முந்தைய வாரம் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டும் லோடு வரவில்லை. டீலரைக் கேட்டால், "கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்துவிட்டது" என்கிறார். நிலக்கரி, லாரி வாடகை, சுண்ணாம்புக்கல் வரி என்று காரணம் சொல்கிறார். இது கூட்டுச் சதி இல்லையா? என்னைப் போன்ற ஒருவர் புகார் கொடுக்க முடியுமா? கொடுத்தால் பெயர் வெளியே தெரிந்து சரக்கு நின்றுவிடுமா? எங்கள் ஒப்பந்ததாரர் சங்கத்திலும், சதுர அடிக்கு ஒரு குறைந்தபட்ச விலையைத் தீர்மானமாகப் போட்டு, அதற்குக் கீழே யாரும் வேலை எடுக்கக் கூடாது என்று முடிவெடுக்கலாம் என்கிறார்கள். அதில் தவறு உண்டா?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் எழுதுகிறேன். அவசரம் அதில்தான் இருக்கிறது. அந்தக் குறைந்தபட்ச விலைத் தீர்மானத்தை உங்கள் சங்கம் நிறைவேற்ற வேண்டாம். 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தன் 3-ஆவது பிரிவில், ஒரே தொழிலைச் செய்பவர்கள் தங்களுக்குள் பேசி விலையை முடிவு செய்வதையும், உற்பத்தியையோ விநியோகத்தையோ பிடித்துவைப்பதையும், ஊர்களையும் வாடிக்கையாளர்களையும் பங்கு போட்டுக்கொள்வதையும், டெண்டரில் ஒத்துப்பேசி விலை கோருவதையும் ஒரே வரிசையில் வைத்துத் தடுக்கிறது. அப்படி ஓர் ஒப்பந்தம் இருந்தது என்று தெரிந்துவிட்டால், அதனால் போட்டிக்குக் கேடு விளைந்தது என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். விளையவில்லை என்று காட்டும் பாரம் ஒப்பந்தம் செய்தவர்களின் தலையில் விழும். செய்தவர் பெரிய ஆலை முதலாளியா, மூன்று வீடு கட்டும் ஒப்பந்ததாரரா என்று அந்தப் பிரிவு பிரித்துப் பார்ப்பதில்லை. வணிக லாப விகிதத்தை முடிவு செய்ததற்காகவும், தங்கள் தடையில்லாச் சான்று இல்லாமல் புதிய ஸ்டாக்கிஸ்ட் வரக் கூடாது என்று தடுத்ததற்காகவும் மருந்து வணிகர் சங்கங்கள் பலவற்றின் மேல், இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் இந்தியப் போட்டி ஆணையம் உத்தரவு பிறப்பித்திருக்கிறது. நான் பார்த்த ஒரு வழக்கில், ஒரு சங்கம் நேர்மையாக எழுதிவைத்திருந்த தீர்மானப் புத்தகமே அதற்கு எதிரான முதல் சாட்சியம் ஆயிற்று; கையெழுத்திட்டவர்களில் ஒருவருக்குக்கூடத் தான் சட்டத்தை மீறுகிறோம் என்ற நினைவு இருந்திருக்கவில்லை. உங்கள் நஷ்டத்துக்கு வேறு வழி இருக்கிறது. அதைக் கடிதத்தின் முடிவில் எழுதுகிறேன்.

இனி சிமெண்டுக்கு வருகிறேன். நான்கு பிராண்டும் ஒரே நாளில் ஒரே தொகை ஏறியது என்பது ஐயத்துக்கு இடம் தரும். ஆனால் அது மட்டுமே சதிக்கு ஆதாரம் ஆகாது. பேருந்து நிலையத்தில் எதிரெதிரே இருக்கும் இரண்டு டீக்கடைகளை எண்ணிப் பாருங்கள். ஒருவர் பலகையில் பன்னிரண்டை அழித்துப் பதினைந்து என்று எழுதுகிறார். எதிர்க்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, தானும் ஏற்றினால் வாடிக்கையாளர் எங்கே போவார் என்று கணக்குப் போட்டு, ஒரு மணி நேரத்தில் தன் பலகையையும் மாற்றுகிறார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. குடிப்பவருக்கு மூன்று ரூபாய் போயிற்று. விற்பவர்கள் சிலராக இருந்து, பொருளும் ஒன்றுபோலவே இருக்கும் சந்தையில், பேசாமலேயே விலை ஒன்றாக நகரும். அதைத் தண்டிக்க நம் சட்டத்தில் இடமில்லை. பேசி வைத்துக்கொண்டதைத்தான் தண்டிக்க முடியும்.

இந்த வேறுபாடு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைச் சொல்கிறேன். இந்திய உணவுக் கழகம் தானியக் கிடங்குகளில் பூச்சி கொல்லும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளுக்கு 2009-இல் டெண்டர் விட்டபோது, வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு செலவில் தயாரிக்கும் நிறுவனங்கள் எல்லாம் கிலோ 388 ரூபாய் என்று ஒரே விலை எழுதிக் கொடுத்தன. அதைக் கூட்டுச் சதி என்று ஆணையம் முடிவு செய்ததை 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றது. சமையல் எரிவாயு சிலிண்டர் தயாரிப்பாளர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இந்தியன் ஆயில் டெண்டரில் ஒரே மாதிரி விலை கோரிய வழக்கிலோ, ஆணையம் விதித்த அபராதத்தை 2018 அக்டோபரில் அதே நீதிமன்றம் ரத்து செய்தது. வாங்குபவர்கள் மூன்று எண்ணெய் நிறுவனங்கள் மட்டுமே, பொருள் முழுவதும் தர நிர்ணயத்துக்கு உட்பட்டது, எனவே விலை ஒன்றாக இருப்பதற்குச் சந்தையின் அமைப்பே போதுமான காரணம் என்று அது கருதியது. ஒரே விலை என்பது இரண்டு வழக்கிலும் உண்டு. முடிவுகள் எதிரெதிராக அமைந்தன. ஆகவே உங்கள் புகாரும், "விலை ஒன்றாக ஏறியது" என்ற இடத்தில் நின்றுவிட்டால் முதல் படியைத் தாண்டாது.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் நாற்பது ரூபாய் ஏறிய திங்கட்கிழமை இல்லை. அதற்கு முந்தைய வாரம் லோடு வரவில்லை என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. தேவை இருக்கும்போது சரக்கைக் குறைத்தால்தான் ஏற்றிய விலை நிற்கும். நான்கு பேர் விலையை ஏற்றினாலும், ஐந்தாவது ஒருவரிடம் கிடங்கு நிறைய சரக்கு இருந்தால், அவர் பத்து ரூபாய் குறைத்து விற்றுக் கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். அதனால் விலைச் சதி எதுவானாலும் அதன் அடியில் அளவைப் பற்றிய ஓர் இணக்கம் இருந்தாக வேண்டும். விலைப் பட்டியலைப் பார்ப்பதைவிட மூட்டைகள் எங்கே நின்றன என்று பார்ப்பது உண்மைக்குக் கிட்டே கொண்டுபோகும்.

இந்தியாவின் பெரிய சிமெண்டு வழக்கு திரும்பியதும் பெருமளவு அந்த இடத்தில்தான். உங்களைப் போன்றவர்களின் அமைப்பான இந்தியக் கட்டுநர் சங்கம் 2010-இல் போட்டி ஆணையத்துக்குத் தகவல் கொடுத்தது. 2012 ஜூன் 20 அன்று ஆணையம் பதினொரு நிறுவனங்களுக்கும் அவற்றின் சிமெண்ட் உற்பத்தியாளர் சங்கத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஏசிசி, அம்புஜா, அல்ட்ராடெக், ஜெய்பிரகாஷ் ஆகியவற்றோடு, தமிழ்நாட்டில் ஆலைகள் உள்ள இந்தியா சிமெண்ட்ஸ், அன்று மெட்ராஸ் சிமெண்ட்ஸ் என்ற பெயரில் இருந்த ராம்கோ ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. எழுத்தில் ஓர் ஒப்பந்தமும் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட வழக்குகளில் பெரும்பாலும் கிடைக்காது. ஆணையம் சூழ்நிலைச் சான்றுகளை ஒன்றோடொன்று கோத்தது. 2010 நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஆலைகளிலிருந்து வெளியேறிய சரக்கு, முந்தைய ஆண்டின் அதே மாதங்களில் நாடு பயன்படுத்திய அளவைவிடக் குறைவாக இருந்தது. ஆலைகளின் திறனோ வீணே கிடந்தது. 2011-இன் தொடக்க மாதங்களில் உற்பத்தியாளர் சங்கத்தின் உயர்மட்டக் குழு மும்பையில் ஒரு ஹோட்டலில் கூடியது. சங்கத்திலிருந்து விலகியிருந்த இரண்டு நிறுவனங்களும் அதில் கலந்துகொண்டன. அதன் பிறகு விலை ஏறியது. உறுப்பினர்களின் உற்பத்தி, விநியோக விவரங்களும், நாடெங்கும் மையங்களில் திரட்டப்பட்ட சில்லறை விலைகளும் அந்தச் சங்கத்தின் வழியாகவே ஓடின.

விலை விவரங்களைத் திரட்டுவதில் என்ன தவறு, அரசு கேட்டுத்தானே கொடுத்தார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றுவது இயல்பு. டென்மார்க் அரசுக்கும் அப்படித்தான் தோன்றியது. 1993-இல் அந்நாட்டுப் போட்டி அமைப்பு, கலவைக் கான்கிரீட் வாங்குவோருக்கு உதவி செய்யும் நல்ல நோக்கத்தோடு, ஒவ்வொரு நிறுவனமும் உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்பதைத் தொடர்ந்து அச்சிட்டு வெளியிடத் தொடங்கியது. ஓர் ஆண்டுக்குள் விலை 15 முதல் 20 விழுக்காடு உயர்ந்தது. காரணம் எளியது. இரகசியமாகத் தள்ளுபடி கொடுப்பதுதான் சதியை உடைக்கும் கோடரி. யார் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தார் என்று எல்லா விற்பனையாளருக்கும் தெரிந்துவிட்டால், கொடுப்பவர் மறுநாளே பிடிபடுவார். பிடிபடுவோம் என்று தெரிந்தால் யாரும் கொடுக்க மாட்டார். தென்னாப்பிரிக்காவில் 2008-இல் சோதனைக்கு உள்ளான சிமெண்டு நிறுவனங்களில் ஒன்று அடுத்த ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையிலிருந்து சலுகை கோரியபோதும் இதே கதைதான் வெளிவந்தது: அந்த நிறுவனங்களின் பொது அமைப்பு வட்டாரவாரியாகத் தொகுத்துக் கொடுத்த விற்பனைக் கணக்கை வைத்துத்தான், பேசிக்கொண்ட பங்கை யார் மீறுகிறார் என்று அவர்கள் ஒருவரையொருவர் கண்காணித்திருந்தார்கள். உங்கள் டீலர்களின் வாட்ஸ்அப் குழுவில் நான்கு கம்பெனிகளின் விற்பனை அதிகாரிகளும் ஒன்றாக இருக்கிறார்களா என்பது, அங்கே என்ன விலை எழுதப்பட்டது என்பதைவிட எனக்கு முக்கியமான செய்தி.

நம் சிமெண்டு வழக்கின் மீதிக் கதையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உத்தரவில் கையெழுத்திட்ட ஆணையத் தலைவர் வாதங்களைக் கேட்ட அமர்வில் இருக்கவில்லை என்ற காரணத்தால் 2015 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. 2016 ஆகஸ்டில் ஆணையம் மறுபடியும் விசாரித்து அதே முடிவுக்கு வந்தது. 2018 ஜூலையில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நிறுவனங்களின் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிறுவனங்களின் அடுத்த மேல்முறையீடுகளை விசாரணைக்கு ஏற்று, பத்தில் ஒரு பங்கைச் செலுத்திய நிலையில் மீதி அபராதத்துக்கு இடைக்காலத் தடையைத் தொடர்ந்தது. தகவல் கொடுத்த நாளிலிருந்து அந்தப் படிக்கு வரவே எட்டு ஆண்டுகள். நிறுவனங்கள் குற்றச்சாட்டை இறுதிவரை மறுக்கின்றன; மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரு நடைமுறைப் பிழையால் நாட்டின் மிகப் பெரிய கார்ட்டெல் (விற்பவர்களின் கூட்டுச் சதி) வழக்கு நான்கு ஆண்டு பின்னுக்குப் போனதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. அந்த ஆண்டுகளில் வீடு கட்டிய ஒருவருக்கும் அந்தக் காலம் திரும்பி வராது.

டீலர் சொல்லும் காரணங்களை அப்படியே நம்பவும் வேண்டாம், அப்படியே தள்ளவும் வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் வரி உண்மையானது. தமிழ்நாடு அரசு கனிமம் உள்ள நிலங்களுக்கான வரியாகச் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் என்று 2025 ஏப்ரல் 4 முதல் விதித்தது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டு எடுத்து, பிறகு சிமெண்டாக அரைக்கும் கட்டிக்குக் கிளிங்கர் என்று பெயர். ஒரு டன் கிளிங்கருக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் ஆகும். ஒரு டன் சிமெண்டு முழுவதும் கிளிங்கர் என்றே வைத்துக்கொண்டாலும் கூடுதல் செலவு 240 ரூபாய். டன்னுக்கு இருபது மூட்டை, ஆகவே மூட்டைக்குப் பன்னிரண்டு ரூபாய். வீட்டு வேலைக்கு நீங்கள் அதிகமாக வாங்கும் பிபிசி சிமெண்டில் மூன்றில் ஒரு பங்கு வரை நிலக்கரிச் சாம்பல் கலந்திருக்கும் என்பதால், அதில் எட்டு ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். ஆக, அந்த வரி எட்டு முதல் பன்னிரண்டு ரூபாய் வரை ஏறியதற்கு நியாயமான விளக்கம். நாற்பது ரூபாய்க்கு விளக்கம் ஆகாது.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. அந்த வரி தமிழ்நாட்டுக் கல்லுக்குத்தான். கடப்பாவிலும் நல்கொண்டாவிலும் எடுக்கப்படும் கல்லுக்கு இல்லை. அரியலூரிலும் டால்மியாபுரத்திலும் அரைத்த மூட்டைக்கும் ஆந்திரம், தெலங்கானாவிலிருந்து லாரியில் வந்த மூட்டைக்கும் ஒரே நாளில் ஒரே தொகை ஏறியிருந்தால், வரிச் சுமையே இல்லாதவர் ஏன் விலையை நிறுத்திவைத்து விற்பனையைப் பெருக்கிக்கொள்ளவில்லை என்ற கேள்வி எழுகிறது. பக்கத்து ஆள் ஏற்றியதைப் பார்த்துத் தானும் ஏற்றிக் கூடுதல் லாபத்தை எடுத்துக்கொண்டேன் என்று அவர் சொல்லலாம்; தனியாக எடுத்த முடிவானால் அது சட்டப்படி குற்றமில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி கேட்கத்தக்கது, ஆணையம் கேட்கும். வரி குறைந்தபோது நடந்ததையும் இதே கண்ணால் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆயிற்று. வரிக்கு முன் 300 ரூபாய் உள்ள மூட்டைக்கு அன்று முப்பது ரூபாய் குறைந்திருக்க வேண்டும். உங்கள் பில்களில் ஜிஎஸ்டியைத் தனியாகக் கழித்துவிட்டு அடிப்படை விலையை மட்டும் தேதிவாரியாக எழுதிப் பாருங்கள். மொத்த விலையைப் பார்ப்பவருக்குத் தெரியாதது அதில் தெரியும்.

இப்போது புகார். போட்டிச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின் கீழ் யார் வேண்டுமானாலும் ஆணையத்துக்குத் தகவல் கொடுக்கலாம். கொடுப்பவர் தானே நேரடியாகப் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. தனிநபரைவிட உங்கள் சங்கம் கொடுப்பது நல்லது. விலைத் தீர்மானத்துக்காகக் கூட்டவிருந்த கூட்டத்தை இதற்காகக் கூட்டுங்கள், அது முழுக்கச் சட்டப்படியானது. 2023-இல் வந்த திருத்தத்தின்படி, நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் தகவல் கொடுத்துவிட வேண்டும்; தக்க காரணம் காட்டினால்தான் தாமதத்தை மன்னிப்பார்கள். ஆணையத்தின் தலைமையகம் தில்லியில் இருந்தாலும் சென்னையில் மண்டல அலுவலகம் உண்டு. ஆணையம் முதல் பார்வையில் விஷயம் இருக்கிறது என்று கருதினால் தன் தலைமை இயக்குநரை விசாரிக்கச் சொல்லும். இல்லை என்று கருதினால் அந்த இடத்திலேயே முடித்துவிடும். பல தகவல்கள் அங்கேயே முடிந்துபோகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆத்திரத்தோடு எழுதப்பட்டு, ஆவணம் இல்லாமல் அனுப்பப்பட்டவை.

உங்கள் பெயரைப் பற்றிய அச்சம் நியாயமானது. நாளைக்கும் அதே டீலரிடம்தான் நீங்கள் நிற்க வேண்டும். அடையாளத்தை இரகசியமாக வைக்கும்படி தகவலோடு சேர்த்தே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விதிகளில் அதற்கு இடம் இருக்கிறது. டீலர் மேல் கோபம் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் பெரும்பாலும் உங்களைப் போலவே செய்தியைப் பெற்றுக்கொள்பவர். இத்தகைய வழக்குகளில் பிறகு சாட்சியாக வந்து நிற்பவரும் அவரே.

ஆவணம் என்று நான் சொல்வது பெரிய இரகசியக் கோப்பு எதையும் இல்லை. ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பிராண்டுக்கும் விலை ஏறிய தேதி, நேரம், அடிப்படை விலை, பில் எண் ஆகியவற்றை எழுதுங்கள். அதைவிடக் கவனமாக, நீங்கள் எத்தனை மூட்டை கேட்டீர்கள், எத்தனை வந்தது, வராததற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பதை எழுதுங்கள். பதினைந்து இருபது ஒப்பந்ததாரர்கள் ஆறு மாதம் இப்படித் தனித்தனியாக எழுதிய நோட்டுகளை ஒன்றாக அடுக்கினால், தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் சரக்கு ஒரே வாரத்தில் வற்றியதா என்பது தெரிந்துவிடும். விலை ஏற்றம் பற்றி உங்களுக்கு வந்த செய்திகளை அழிக்காமல், வந்த தேதியும் அனுப்பியவரும் தெரியும்படி வைத்திருங்கள். ஆலைகளின் உற்பத்தி ஏடுகளையும் அதிகாரிகளின் தொலைபேசிப் பதிவுகளையும் வாங்கிப் பார்க்கும் அதிகாரம் தலைமை இயக்குநருக்கு உண்டு. எங்கே, எந்த வாரத்தில் பார்க்க வேண்டும் என்று காட்டுவது உங்கள் நோட்டு.

அந்த நோட்டு இன்னொருவருக்கும் பயன்படும். சதியில் இருப்பவர்களில் ஒருவர் முதலில் வந்து உண்மையையும் ஆதாரத்தையும் கொடுத்தால், அவருடைய அபராதத்தை முழுவதுமாகக்கூடக் குறைக்கச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. மற்றவர்களுக்கு எதிராக வெளியே வலுவான சான்று சேர்கிறது என்று தெரிந்தால்தான் உள்ளே இருப்பவருக்கு முதலில் ஓடிவரத் தோன்றும். அபராதத்தின் அளவும் சிறிதல்ல: கார்ட்டெல் வழக்கில், அது நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அந்த ஆண்டு லாபத்தின் மூன்று மடங்கு அல்லது விற்றுவரவின் 10 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அதுவரை போகலாம்.

புகாரால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று நேராகச் சொல்கிறேன். அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும்; உங்கள் கைக்கு வராது. ஆணையம் குற்றத்தை உறுதிசெய்த பிறகு, 53-என் பிரிவின்படி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்கும் அந்த நோட்டும் பில்லும்தான் வேண்டும். சதுர அடிக்குச் சுமார் 0.4 மூட்டை என்ற உங்கள் தொழில் கணக்குப்படி 1,200 சதுர அடி வீட்டுக்கு 480 மூட்டை. நாற்பது ரூபாய் வீதம் 19,200 ரூபாய். ஒரு வீட்டுக்கு இது ஒருவர் வழக்காடும் தொகை இல்லை; மாநிலம் முழுவதும் கூட்டிப் பார்த்தால் அது எவருக்கும் விட்டுக்கொடுக்கத்தக்க தொகையும் இல்லை. ஒவ்வொருவரிடமும் கொஞ்சமாக எடுப்பதால்தான் இந்தக் குற்றம் கேட்பாரில்லாமல் நீடிக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே எழுத விரும்புகிறேன். இந்தத் தொழிலில் சேர்ந்து விற்பது நேற்றுத் தொடங்கிய பழக்கம் இல்லை. 1930-லேயே ஆலைகள் ஒன்றுகூடி, பங்கு வைத்து, ஒரே அமைப்பின் வழியாகச் சிமெண்டை விற்றன. பிறகு அரசே விலையையும் ஒதுக்கீட்டையும் பல ஆண்டுகள் முடிவு செய்தது. 1982-இல் பாதியும் 1989-இல் முழுவதுமாகத்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. சந்தை திறந்துவிடப்பட்டபோது இருந்த நிறுவனங்களின் எண்ணிக்கை இன்று கைமாறிக் கைமாறிக் குறைந்துகொண்டே வருகிறது. 2022-இல் அம்புஜாவும் ஏசிசியும் அதானி குழுமத்துக்குப் போயின. 2024 டிசம்பரில், திருநெல்வேலிச் சங்கர்நகரிலும் சங்ககிரியிலும் தளவாயிலும் ஆலைகள் உள்ள இந்தியா சிமெண்ட்ஸை அல்ட்ராடெக் வாங்குவதற்குப் போட்டி ஆணையம் ஒப்புதல் கொடுத்தது. வாங்குவதில் சட்ட மீறல் ஏதும் இல்லை. ஆனால் சதிக்குப் பேச்சு தேவைப்படுவது விற்பவர் பன்னிரண்டு பேராக இருக்கும்போதுதான். நான்கு பேர் ஆகிவிட்டால் டீக்கடைப் பலகையே போதும். அந்த நிலையை எட்டிய பிறகு 3-ஆவது பிரிவுக்குப் பிடி கிடைக்காது. ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 4-ஆவது பிரிவும் உதவாது, ஏனெனில் சிலர் சேர்ந்து ஆதிக்கம் செலுத்துவதை நம் சட்டம் ஆதிக்கமாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே இணைப்புக்கு ஒப்புதல் கொடுக்கும் நாள்தான் ஆணையத்தின் கையில் உண்மையான பலம் உள்ள நாள் என்பது என் உறுதியான கருத்து. அத்தகைய விசாரணைகளின்போது ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பதுண்டு. மாவட்டங்களிலிருந்து ஒப்பந்ததாரர் சங்கங்கள் தங்கள் ஊரில் எத்தனை பிராண்டு உண்மையில் கிடைக்கிறது என்று எழுதி அனுப்பினால், தில்லியில் இருப்பவர்களுக்குத் தெரியாத செய்தி அதில் இருக்கும்.

இனி உங்கள் நஷ்டம். சங்கமாகச் சேர்ந்து விலையை முடிவு செய்யக் கூடாதே தவிர, ஒவ்வொருவரும் தத்தம் ஒப்பந்தத்தில் விலை ஏற்றத்துக்கு ஒரு விதி எழுதிக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது. அரசு வேலைகளின் ஒப்பந்தங்களில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம்தான் அது. வீட்டு வேலைக்குக் கொண்டுவர நாம் கூசுகிறோம். ஒப்பந்தம் போடும் நாளில் சிமெண்டு, கம்பி, எம்-சாண்டு ஆகியவற்றின் பில் விலையை வீட்டுக்காரர் முன்னிலையில் எழுதுங்கள். அதிலிருந்து ஐந்து விழுக்காடு வரை ஏறினாலும் இறங்கினாலும் பழைய தொகைதான், அதற்கு மேல் ஏறினால் ஏறிய பகுதியைப் பில்லைக் காட்டி அவரிடம் வாங்கிக்கொள்வேன், இறங்கினால் கழித்துக்கொள்வேன் என்று எழுதுங்கள். இறங்கினால் கழிப்பேன் என்ற பாதியை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால்தான் மற்றப் பாதியை வீட்டுக்காரர் ஒப்புவார். பலர் சேர்ந்து ஒன்றாகக் கொள்முதல் செய்து ஆலையிடம் நேரடியாக விலை பேசுவதும் பொதுவாகச் சட்டத்துக்கு உட்பட்டதே. வாங்குவதில் சேரலாம், ஆனால் கட்டிக்கொடுக்கும் விலையைப் பற்றிய பேச்சு அந்தக் கூட்டத்தில் எழவே கூடாது.

ஆறு மாத நோட்டுகள் சேர்ந்த பிறகு, சங்கச் செயலாளர் அவற்றின் நகல்களையும் பில்களையும் வட்டாரவாரியாகப் பிரித்து எனக்கு அனுப்பட்டும். முதலில் நான் பார்க்கப்போவது விலைப் பத்தியை இல்லை. கேட்ட மூட்டை, வந்த மூட்டை என்ற இரண்டு பத்திகளைத்தான்.